கிண்ணத்து விளிம்பில் ஒரு கொடி

பித்தளைத் தகட்டில் ஒரு நேர்கோடு வெட்ட எனக்கு மூன்று வாரம் பிடித்தது. சும்மா ஒரு கோடு, விரல் நீளம். நாற்பத்தெட்டு வயதில், பேர் வெட்டியே சோறு தின்கிறவன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த எனக்கு! ஈப்போவில் கோப்பையும் கேடயமும் விற்கிற ஒரு சீனர் கடையில் வேலை செய்கிறேன். பூப்பந்தில் ஜெயித்தவர், ஓய்வு பெறும் தலைமையாசிரியர், சிறந்த கோழிப் பண்ணைக்காரர் என்று இந்த வட்டாரத்தில் யார் மேடையேறி எதை வாங்கினாலும் அதன் அடியில் இருக்கும் தகட்டில் பேரைப் போட்டவன் நான்தான். நான் என்றால் இயந்திரம். கணினியில் எழுத்தைத் தட்டிவிட்டுக் கோப்பி குடிக்கப் போவேன். திரும்பி வந்தால் பேர் தயாராக இருக்கும்.

கையால் வெட்டிப் பழகியதற்கு ஒரே காரணம் என் தங்கச்சி. அவள் தஞ்சோங் மாலிமில் இருக்கிறாள். மச்சானுக்கு அங்கே கார் தொழிற்சாலையில் வேலை. கல்யாணமாகிப் பதினொரு வருடம் பிள்ளை இல்லை. வேண்டாத கோயில் இல்லை, ஏறாத கிளினிக் இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இரண்டு பேரும் பூனை வளர்க்க ஆரம்பித்திருந்தார்கள். அப்படி இருக்கையில் ஒரு நாள் காலையில் கடைக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, நின்னுக்கிட்டு இருக்கியா, உக்காந்திருக்கியா?"

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன். என்னா?"

"உக்காருலா."

உட்கார்ந்தேன். "மூணு மாசம்" என்றாள். நான் எழுந்து கடைக் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். கடை முதலாளி, எங்கள் தவுக்கே, என்னவோ ஏதோ என்று பயந்துபோய்க் கதவை இடித்தார்.

எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். தோட்டமும் இல்லை, பாதி செம்பனை, பாதி தாமான் வீடுகள் என்று ஆகிவிட்டது. எனக்கும் பிள்ளைகள் கிடையாது. ஆக, எங்கள் வீட்டு ரத்தம் என்று சொல்ல நானும் அவளும்தான், மூன்றாவது ஆள் அவள் வயிற்றில். "பொறந்ததும் மொதல்ல ஒன் கையிலதாண்ணே குடுப்பேன். மாமன்காரன் நீதான் தூக்கணும்" என்று அன்றைக்கே சொல்லிவிட்டாள். அதற்கு முந்தைய வருடம் எனக்கு நெஞ்சில் அடைப்பு வந்து, ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு எதிலும் பிடிப்பில்லாமல் சும்மா வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

தாய்மாமன் வெறுங்கையோடு போக முடியாது. லிட்டில் இந்தியாவில் ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம் வாங்கினேன், பிள்ளைக்குப் பருப்புச் சோறு பிசைந்து கொடுக்கிற அளவில். வெறும் கிண்ணம், ஒரு பொட்டு வேலைப்பாடு கிடையாது. அதைக் கடைக்குக் கொண்டுபோய் இயந்திரத்தில் வைக்கப் போனவன், கையை எடுத்துவிட்டேன். ஊரான் பிள்ளைக்கெல்லாம் போட்ட அதே எழுத்தை, அதே ஊசியை, என் தங்கச்சி பிள்ளைக்கும் போட மனசு வரவில்லை. விளிம்பைச் சுற்றி ஒரு கொடி ஓடவேண்டும், சுருள் சுருளாக, ஒன்று இடப்பக்கம் சுருண்டால் அடுத்தது வலப்பக்கம். அதை என் கையால் வெட்டவேண்டும். இப்படி ஒரு கிறுக்கு எனக்கு அன்றைக்குப் பிடித்தது.

கையடக்கமான உளிகளைத் தபாலில் வரவழைத்தேன். பிடி காளான் மாதிரி இருக்கும். உள்ளங்கைக் குழியில் உட்காரும். கற்றுக்கொடுத்தது யூடியூப்பில் ஒரு வெள்ளைக்காரர். அவர் முகத்தை இன்றுவரை நான் பார்த்ததில்லை, இரண்டு கைகள் மட்டும்தான் தெரியும். கடையில் மிச்சமாகும் பித்தளைத் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துவந்து, மணல் அடைத்த தோல் பையின் மேல் வைத்து, வேலை முடிந்து வந்ததும் சமையலறை மேசையில் உட்காருவேன். முதலில் நேர்கோடு. பிறகு பிறை மாதிரி வளைவு. பிறகு வட்டம். அதெல்லாம் வந்த பிறகுதான் சுருள்.

சுருளை வெட்டுவதில் ஒரு சங்கதி இருக்கிறது. உளி பிடித்த கை அசையக்கூடாது. அது முன்னால் தள்ளிக்கொண்டு ஒரே இடத்தில் நிற்கவேண்டும், இடது கைதான் தகட்டை மெல்லத் திருப்பிக்கொடுக்க வேண்டும். வளைவு உளியிலிருந்து வருவதில்லை, தகட்டிலிருந்து வருகிறது. கேட்கச் சுலபம். ஆனால் எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? வளைவு வந்த உடனே மணிக்கட்டு தானாகத் திரும்பும். திரும்பினால் போச்சு, அந்த இடத்தில் வளைவு மடங்கி ஒரு மூலை விழும். நான் அதற்கு முழங்கை என்று பேர் வைத்தேன். என் முதல் நூறு சுருளிலும் முழங்கைதான். அவசரப்பட்டு அழுத்தினால் இன்னும் மோசம். உளி பள்ளத்தை விட்டு வெளியே துள்ளித் தகட்டின் குறுக்கே ஒரே கீறாகக் கீறிவிடும்.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். முழங்கை விழுந்த தகடுகளைத் தூக்கிச் சுவரில் அடிப்பேன். "கைவேலை செய்றீங்களா, கராத்தே பண்றீங்களா?" என்று என் மனைவி கேட்பாள். தவுக்கேயிடம் ஒரு தகட்டைக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை இறக்கி வைத்துப் பார்த்துவிட்டு, "மெஷின் அடா லா, புவாட் அப்பா பக்காய் தாங்கான்?" என்றார். இயந்திரம் இருக்கும்போது கை எதற்கு என்று அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. மனிதர் கெட்டவர் இல்லை. மறுநாளிலிருந்து பித்தளைத் துண்டுகளை எனக்காக ஒரு பிஸ்கட் டின்னில் எடுத்து வைக்க ஆரம்பித்தார்.

தங்கச்சி தினமும் போன் பண்ணுவாள். ஐந்தாம் மாதத்தில் ஒரு நாள், "என்னாண்ணே கிர்ரு கிர்ருன்னு சத்தம்?" என்றாள்.

"கொடி வெட்டுறேன்."

"தோட்டத்த விட்டு வந்து இத்தன வருசமாச்சு, இன்னும் கொடி வெட்டுறியா? புல்லு வெட்டலையா?"

"வாய மூடுலா. ஒம் பிள்ளைக்குத்தான்."

"நல்லா வெட்டு" என்றாள். "என் பிள்ள பெரிசாகி எங்க மாமா வெட்டுனதுன்னு எல்லாருக்கும் காட்டணும்." அவள் அப்படிச் சொன்ன பிறகு நான் ஒரு தகட்டைக்கூடச் சுவரில் எறியவில்லை. முழங்கை விழுந்தால் அடுத்த துண்டை எடுத்துக்கொள்வேன். ஏழாம் மாதத்தில் பத்துக்கு ஐந்து சுருள் ஒழுங்காக வந்தது, எட்டில் பத்துக்கு எட்டு. உளி சரியாகப் போகும்போது அதன் முன்னால் பித்தளை முடி மாதிரிச் சுருண்டு எழும்பும். அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

வலி வந்துவிட்டது என்று மச்சான் சொன்னதும் நானும் மனைவியும் காரில் கிளம்பினோம். தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தியிருந்தபோது மறுபடி போன் வந்தது. "மச்சான், பொம்பளப் பிள்ள! ரெண்டு பேரும் சொகமா இருக்காங்க" என்றார். நான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசை மலாய்க்காரக் குடும்பம் திரும்பிப் பார்த்தது.

"ஆனா மச்சான், ஒண்ணு சொல்லணும். கொடி சுத்தியிருந்துச்சு."

"எந்தக் கொடி?" என்று கேட்டேன். மடையன்! என் மண்டைக்குள் அப்போது இருந்தது ஒரே கொடிதான்.

"தொப்புள் கொடி மச்சான். கழுத்துல ரெண்டு சுத்து. டாக்டர் எடுத்துட்டாரு, பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. ஆனா எங்க அக்கா சொல்லுது, தாய்மாமனுக்கு ஆகாதாம். இப்ப பாக்க வேணாம்னு சொல்லுது."

எங்கள் ஆட்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளையின் முகத்தைத் தாய்மாமன் நேரில் பார்த்தால் அவன் உயிருக்கு ஆகாது என்பார்கள். அதற்கு ஒரு கழிப்பு உண்டு. நல்ல நாள் பார்த்து, கோயிலில் வைத்து, ஒரு பாத்திரத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் தெரிகிற பிள்ளையின் நிழல் முகத்தை மாமன் முதலில் பார்க்கவேண்டும். அதன் பிறகு தூக்கலாம், கொஞ்சலாம், தோஷம் இல்லை. நான் சின்ன வயதில் தோட்டத்துக் கோயிலில் இதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

எனக்கு வந்ததே கோபம். "போன வருசம் எனக்கு அடைப்பு வந்துச்சே, அப்ப எந்தப் பிள்ள கொடி சுத்திப் பொறந்துச்சு? நாசி லெமாக் தின்னதுக்கு வந்துச்சு! பச்சப் பிள்ள மேல பழியப் போடுறீங்களா?" என்று கத்தினேன். மச்சான் போனைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டார்.

பிள்ளை பெற்று ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "அண்ணே, ஒனக்கு இதுலெல்லாம் நம்பிக்க இல்லன்னு தெரியும். எனக்கும் இல்ல. ஆனா ஒனக்கு நெஞ்சு சரியில்ல. நாளைக்கு ஒனக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா, நான் இந்தப் பிள்ள மூஞ்சிய எப்படிண்ணே பாப்பேன்?"

சரி என்றேன். எண்ணெயில் பார்க்கும்வரை கண்ணில் படமாட்டேன், படத்தில்கூடப் பார்க்கமாட்டேன் என்று அவள் கேட்டபடி சத்தியம் செய்தேன். மருத்துவமனையில் மனைவி மட்டும் மேலே போனாள். பிறந்த பிள்ளையைப் பார்க்க ஈப்போவிலிருந்து வந்தவன் கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து கச்சான் கடலை உரித்துக்கொண்டிருந்தேன். அவள் இறங்கி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு. "ஒங்க மூக்குங்க. அப்படியே அச்சு" என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் கண்ணாடியில் என் மூக்கைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

முப்பதாம் நாளன்று கோயிலில் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எண்ணெய் ஊற்றப் பாத்திரம் வேண்டுமே, என் கிண்ணம் எதற்கு இருக்கிறது? உள்பக்கம் பளபளவென்று இருக்கும், விளிம்பில் நான் வெட்டிய கொடி ஓடும், நடுவில் எண்ணெயில் அவள் முகம். போன் போட்டுச் சொன்னேன். தங்கச்சி இத்தனை நாளில் முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். "கொடி சுத்துனதுக்குக் கொடியாலயே பரிகாரம் பண்றியாண்ணே? சரியான ஆளுலா நீ!" என்றாள்.

பித்தளையில் பழகியவனுக்கு வெள்ளி வேறு சாமான். மெத்தென்று இருக்கும், உளியை உள்ளே வாங்கிக்கொள்ளும். போதாததற்குக் கிண்ணம் வளைந்தது. தட்டையான தகட்டில் ஒரு திசையில் திருப்பினால் போதும். இதை இரண்டு பக்கமாகத் திருப்பவேண்டும். விளிம்பைச் சுற்றி எட்டுச் சுருள் என்று பென்சிலால் வரைந்துகொண்டேன். கடையிலிருந்து வந்ததும் வராததுமாக உட்காருவேன். ஒரு சுருளுக்கு மூன்று நாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஐந்தாவது சுருளை வெட்டி முடித்தபோது எழுந்து நின்று நானே கை தட்டிக்கொண்டேன்.

முப்பதாம் நாளுக்கு இன்னும் மூன்று நாள். எட்டாவது சுருளின் கடைசிச் சுற்று. உள்ளே போகப் போக வட்டம் சின்னதாகும், அங்கேதான் நிதானம் வேண்டும். உளி மழுங்கியிருந்தது எனக்குத் தெரியும். நகத்தில் வைத்துப் பார்த்தபோது பிடிக்காமல் வழுக்கியது. கல்லில் தீட்டியிருக்க வேண்டும். இன்னும் கால் சுற்றுத்தானே என்று அழுத்தினேன். சத்தமே இல்லை. உளி துள்ளி, எட்டாவது சுருளையும் ஏழாவது சுருளையும் குறுக்காக வெட்டிக்கொண்டு கிண்ணத்தின் வயிறுவரை போய் நின்றது.

மனைவி கிண்ணத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இதுக்கா இப்படி ஒக்காந்திருக்கீங்க? அழகாத்தாங்க இருக்கு. யாரு பாக்கப்போறா? எண்ணெய்தானே ஊத்தப்போறோம்."

"நான் பாக்கப்போறேன்."

"நீங்க பிள்ளையப் பாக்கப்போறீங்களா, கிண்ணத்தப் பாக்கப்போறீங்களா?"

நான் அவள்மேல் எரிந்து விழுந்தேன். உனக்கு என்ன தெரியும், ஏழு மாதமாக உயிரைக் கொடுத்து வெட்டுகிறேன், கீறல் விழுந்த சாமானைக் கொண்டுபோய் என் மருமகளின் முதல் விசேஷத்தில் வைக்கச் சொல்கிறாயா என்று என்னென்னவோ கத்தினேன். அவள் கேட்டது எவ்வளவு நேரான கேள்வி! அதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை.

மறுநாள் தங்கச்சிக்குப் போன் செய்தேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். கிண்ணத்தில் கீறல் விழுந்துவிட்டது, சரிசெய்ய நாள் வேண்டும் என்று சொல்லியிருந்தால் அவள் என்னைத் திட்டி, எவர்சில்வர் தட்டிலாவது எண்ணெய் ஊற்றி, வாலா என்று இழுத்திருப்பாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் பொய் சொன்னேன். "ஒடம்பு ஒரு மாதிரியா இருக்கும்மா. கொஞ்சம் தள்ளிப் போடலாமா?" என்றேன்.

"நெஞ்சாண்ணே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. சும்மா ஒரு படபடப்பு."

"நீ ரெஸ்ட் எடுண்ணே. ஒடம்புதான் முக்கியம். இவ எங்க போயிடப்போறா?" என்றாள். கோயிலில் கேட்டதில் அடுத்த நல்ல நாள் பதினான்கு நாள் கழித்துத்தான் என்றார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். பதினான்கு நாள் தாராளம் என்று நினைத்தேன்.

கீறலைச் சுரண்டி, எஃகுக் கம்பியால் தேய்த்துத் தேய்த்து மூடினேன். அந்த இடத்தை மறுபடி பளபளப்பாக்கி, இரண்டு சுருளையும் மறுபடி வரைந்தேன். இந்த முறை ஒவ்வொரு சுற்றுக்கும் உளியைத் தீட்டினேன். பிள்ளைக்கு நாற்பது நாள் ஆனபோது தங்கச்சி, "பிள்ளைக்கு லேசா சளிண்ணே, மருந்து குடுத்திருக்காங்க" என்று குரல்செய்தி அனுப்பினாள். தலைக்கு எண்ணெய் வைக்காதே, காற்றாடி போடாதே என்று ஒரு மாமன் சொல்வதையெல்லாம் பதிலுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு உளியை எடுத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே உட்கார்ந்தேன். மதியத்துக்குள் எட்டாவது சுருள் முடிந்துவிட்டது. என் ஆயுளில் நான் வெட்டிய நல்ல சுருள் அதுதான். முதலிலிருந்து கடைசிவரை விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு முழங்கை இல்லை, எங்கே ஆரம்பித்தேன் எங்கே நிறுத்தி மறுபடி தொட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று எழுந்தேன். அவள் கையில் போனோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

சளி நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது. காலையில் மூச்சுத் திணறி, தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். மருத்துவர்கள் அவர்களால் ஆனதையெல்லாம் செய்திருக்கிறார்கள். நாற்பத்தோரு நாள் பிள்ளைக்கு எவ்வளவு மூச்சு இருக்கும்! நாங்கள் காரில் போய்க்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. பீடோர் தாண்டும்போது மச்சான் கூப்பிட்டார். என்ன சொன்னார் என்று காதில் விழவில்லை. அவர் அழுத சத்தம்தான் கேட்டது.

மருத்துவமனை அறை வாசலில் மச்சானின் அக்கா நின்றிருந்தார். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. நான் பழக்கத்தில் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். நாற்பத்தோரு நாளாக நின்ற பழக்கம். அவர் என் கையைப் பிடித்து, "இப்ப பாக்கலாம் தம்பி. இனிமே ஒண்ணும் ஆகாது" என்றார்.

அந்த நிமிடம் அவரை அடித்துவிடலாம் போல இருந்தது. பாவம், அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். நான் உள்ளே போனேன். தங்கச்சி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தூக்கி என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். எவ்வளவு குட்டி முகம்! மனைவி சொன்னது தப்பு, அது என் மூக்கு இல்லை, எங்கள் அம்மாவுடையது. கீழுதடு கொஞ்சம் பிதுங்கி, கோபித்துக்கொண்டு தூங்குகிற மாதிரி இருந்தாள். நெற்றியில் வைத்த கறுப்புப் பொட்டு ஒரு பக்கம் கலைந்திருந்தது. நான் அதைச் சரி பண்ணினேன். ஐயோ, என் செல்லமே, மாமா வந்திருக்கேன்மா என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல முடியும்?

எங்கள் அப்பா அம்மாவுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும் என்று தங்கச்சி ஒரே பிடிவாதமாக இருந்ததால் செமோருக்குக் கொண்டுவந்தோம். தோட்டம் போனாலும் சுடுகாட்டை மட்டும் செம்பனைகளுக்கு நடுவில் விட்டு வைத்திருக்கிறார்கள். சாலையிலிருந்து நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். மாற்றிக்கொள்ளலாம் மச்சான், நெஞ்சு சரியில்லாதவர் நீங்கள் என்று இரண்டு பேர் வந்து கை நீட்டினார்கள். நான் கொடுக்கவில்லை. என் நெஞ்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது இன்றுவரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது, மருத்துவர்கூடப் பாராட்டினார்.

கிண்ணத்தை எங்கே வைத்தேன் என்று மனைவி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இரண்டு மாதம் உளியைத் தொடவில்லை. பிறகு வேலை முடிந்து வந்தால் கை என்ன செய்வது என்று தெரியாமல் தவித்தது. சரி என்று மறுபடி பித்தளைத் துண்டை எடுத்தேன். யாருக்கும் இல்லை, எதற்கும் இல்லை. இடப்பக்கம் ஒரு சுருள், வலப்பக்கம் ஒரு சுருள், துண்டு நிறைந்ததும் டின்னில் போட்டுவிட்டு அடுத்தது.

போன மாதம் தங்கச்சி ஒரு வாரம் எங்களோடு இருக்க வந்தாள். ரொம்ப மெலிந்திருந்தாள். காலையில் மனைவி சந்தைக்குப் போயிருந்தாள். நான் மேசையில் வெட்டிக்கொண்டிருந்தேன். தங்கச்சி மைலோவைக் கலக்கி எடுத்துக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, உளி போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா? கோவிச்சுக்காத."

"கேளு."

"அன்னிக்கு முப்பதாம் நாளு, தள்ளிப் போடலாம்னு சொன்னியே. ஒடம்பு சரியில்லன்னு." அவள் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவரு அக்கா அப்பவே எங்கிட்ட கேட்டுச்சு. நான் நம்பல. இப்ப நெனைக்கிறேன். நீ பயந்துட்டதானே?"

நான் உளியைக் கீழே வைத்தேன்.

"எம் பிள்ளையப் பாத்தா ஒனக்கு ஏதாச்சும் ஆயிடும்னு பயந்துட்ட. அதானே? சொல்லுண்ணே. நான் ஒண்ணும் நெனச்சுக்கமாட்டேன். நான்தானே ஒன்னைய பயமுறுத்துனேன்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், திறந்தேன். இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் வரவில்லை என்று கேட்பாள். ஒரு கீறலுக்காக என்று சொல்லவேண்டும். உன் பிள்ளை அங்கே மூக்கும் முழியுமாக, சுகமாக, மாமனுக்காகக் காத்துக்கொண்டு இருந்தபோது, நான் இங்கே ஒரு கோட்டைச் சரிசெய்துகொண்டு இருந்தேன் என்று சொல்லவேண்டும். உயிருக்குப் பயந்தவனை யாரும் மன்னிப்பார்கள். இதை எந்தத் தாய் மன்னிப்பாள்? பதினொரு வருடம் காத்திருந்து பெற்றவளிடம் இதை எந்த வாயால் சொல்வது?

"ஆமாம்மா" என்றேன். "பயந்துட்டேன்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். நான் அழுவதைப் பார்த்து, எழுந்து வந்து என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"பரவால்லண்ணே" என்றாள். "விடு. நீயாச்சும் இருக்கியே."